முதுகளவு

மல்லாட்டை உடைக்கிற மிஷின் செஞ்சி மண்டிக்கு வந்த வருஷம் எங்கள் தெருப் பெண்களுக்குப் பிழைப்பில் பாதி போயிற்று. அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. அதுவரை வேர்க்கடலை பிடுங்கி முடிந்ததும் மண்டி வாசலில் வட்டமாக உட்கார்ந்து கையால்தான் உடைப்போம். கட்டை விரல் வீங்கிப் போகும். ஆனாலும் பேச்சும் சிரிப்புமாகப் பொழுது போவது தெரியாது. மிஷின் வந்த பிறகு அதன் வாயில் மூட்டையைக் கொட்டினால் பருப்பு ஒரு பக்கம், தோல் ஒரு பக்கம் விழுந்தது. நாங்கள் கும்பலாகப் போய் வேடிக்கை பார்த்தோம். எவ்வளவு சுத்தமாக உடைக்கிறது பார் என்று என் அம்மா மெச்சிக்கொண்டாள். தன் கூலியைப் பிடுங்கிக்கொண்ட மிஷினுக்கு நற்சாட்சி கொடுக்க அவளால்தான் முடியும்.

அந்தச் சமயத்தில் யூனியன் ஆபீசிலிருந்து ஒரு அம்மா ஜீப்பில் சிங்கவரத்துக்கு வந்தார். எங்கள் தெருவை ஊர்க்காரர்கள் சேரி என்பார்கள். அவர் காலனி என்றார். இனிமேல் கையில் தொழில் இருந்தால்தான் பிழைக்கலாம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் சீருடை வரப்போகிறது, பட்டிக்காட்டுப் பெண்கள்கூட ஜாக்கெட் போட ஆரம்பித்துவிட்டார்கள், தைக்கத்தான் ஆள் இல்லை என்று பேசினார். செஞ்சியில் ஆறு மாதம் தையல் வகுப்பு நடக்கும். பரீட்சையில் பாஸானால் சர்ட்டிபிகேட் தருவார்கள். அது இருந்தால் தையல் டீச்சராகவே போகலாம். எட்டாவது படித்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்டார். எங்கள் தெருவில் நான் ஒருத்திதான் படித்திருந்தேன். என்னோடு மல்லாட்டை உடைத்தவர்கள் களை வெட்டப் போனார்கள். நான் காலையில் தனியாகச் செஞ்சிக்கு நடந்தேன்.

வகுப்பு, கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில். வந்தவர்கள் எல்லாரும் கடைக்காரர் வீட்டுப் பெண்கள். கல்யாணம் ஆகும்வரை வீட்டில் சும்மா இருப்பானேன் என்று வந்தவர்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். என்னை யாரும் வைததில்லை, எழுந்து போ என்றதில்லை. நான் கத்தரிக்கோலை நீட்டினால் கையில் வாங்க மாட்டார்கள், மேஜைமேல் வைத்தால் எடுத்துக்கொள்வார்கள். சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள், நான் போய் நின்றால் பேச்சு முடிந்திருக்கும். வீட்டுக்கு வந்து புகார் சொல்லலாம் என்றால், என்னவென்று சொல்வது? எடுத்துச் சொல்ல ஒன்றுமே நடக்கவில்லையே.

அளவெடுக்கப் பழகும் நாள் வந்தது. அதுவரை எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அளவு ஜாக்கெட்தான். பழைய ஜாக்கெட் ஒன்றைத் தையல்காரரிடம் கொடுத்து இதைப் போலத் தை என்றால் வேலை முடிந்தது. யாரும் யாரையும் தொட வேண்டியதில்லை. டீச்சர் கடலூர்ப் பக்கத்துக்காரர், முறையாகப் படித்தவர். இங்கே அந்தக் கதையெல்லாம் நடக்காது, உடம்பில் டேப் வைத்து அளக்கத் தெரியாதவளுக்கு எந்த ஆபீசிலும் வேலை தர மாட்டார்கள் என்று கறாராகச் சொல்லிவிட்டு, இரண்டு இரண்டு பேராக நின்று ஒருத்தியை ஒருத்தி அளக்கச் சொன்னார். ஆளாளுக்கு நகர்ந்து ஜோடி சேர்ந்தார்கள். நான் மிஞ்சினேன். வகுப்பில் எண்ணிக்கை ஒற்றைப்படை, யாராவது ஒருத்தி மிஞ்சத்தானே வேண்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். மறுநாள் ஒருத்தி ஜுரம் என்று வரவில்லை. இன்றைக்குக் கணக்கு சரியாக வரும் என்று டேப்பும் கையுமாகக் காத்திருந்தேன். மூன்று பேர் சேர்ந்து ஒரு ஜோடியாக நின்றார்கள்.

டீச்சர் பார்த்தார். பார்க்காதவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு, உன்னையே அளந்துகொள் என்றார். மார்பை அளந்தேன், இடுப்பை அளந்தேன், கையை அளந்தேன். முதுகு மட்டும் நடக்கவில்லை. ஒரு தோளில் டேப்பை வைத்து மறு தோளுக்கு இழுத்தால் இந்தப் பக்கம் நழுவும். இதைப் பிடித்தால் அது நழுவும். சுவரில் சாய்ந்து பார்த்தேன், அதுவும் ஆகவில்லை. எனக்குப் பின்னால் கூச்சத்தில் ஒருத்தி நெளிய, இன்னொருத்தி அதட்ட, எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கோட்டை மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழக் கூடாது என்பது மட்டும்தான் அப்போது மனசில் இருந்தது. ஆறு மாதத்தில் எத்தனையோ நாள் தனியாக இருந்திருக்கிறேன், அந்த மத்தியானம் போல ஒன்றும் இல்லை.

சாயங்காலம் அம்மாவிடம் டேப்பைக் கொடுத்தேன். அவளுக்கு எண் தெரியாது. டேப்பை முதுகின் குறுக்கே போட்டு, முடிகிற இடத்தை நகத்தால் கிள்ளிப் பிடித்துக்கொண்டு, பிடித்த பிடி விடாமல் எனக்கு முன்னால் சுற்றி வந்தாள்.

"இங்க வரிக்கும் வருது, இன்னா போட்டிருக்குது பாரு" என்றாள்.

அந்த அளவில் நான் எனக்குத் தைத்துக்கொண்ட முதல் ஜாக்கெட் முதுகில் ஒரு சுருக்கம் இல்லாமல் உட்கார்ந்தது. டீச்சர்கூட யார் அளந்தது என்று கேட்டார்.

பரீட்சைக்குக் கடலூரிலிருந்து ஒரு அம்மா வருவதாகச் சொன்னார்கள். அவர் கண்ணெதிரே ஒரு ஆளை அளந்து, வெட்டி, தைத்து, அந்த ஆளுக்கே போட்டுக் காட்ட வேண்டும். மற்றவர்கள் ஒருத்திக்கொருத்தி ஆளாக நின்றுகொள்வார்கள். நீ யாரையாவது கூட்டிக்கொண்டு வா என்று டீச்சர் என்னிடம் சொன்னார். எங்கள் தெருவில் கேட்டுப் பார்த்தேன். ஒரு நாள் கூலி போய்விடும், அதோடு அந்தப் பெரிய வீட்டுப் பெண்கள் நடுவில் போய் நிற்க வேண்டும். யாரும் வரத் தயாராக இல்லை. கடைசியில் அம்மாவைத்தான் கேட்டேன். அம்மா வாழ்நாளில் ஜாக்கெட் போட்டதில்லை. அவள் வயதுப் பெண்கள் எங்கள் தெருவில் யாருமே போட்டதில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்வார்கள். அவர்கள் காலத்தில் ஜாக்கெட் போட்டுக்கொண்டு நடவுக்குப் போனால் வரப்பில் நின்று வேலை வாங்குகிற நிலத்துக்காரருக்குப் பதில் சொல்லி மாளாது.

"எனக்கு இன்னாத்துக்குடி அதெல்லாம்? இந்த வயசுல ஊரு சிரிக்கவா?" என்றாள்.

நீ வராவிட்டால் நான் பாஸாக முடியாது, நாளைக்கே களைக்கொத்தை எடுத்துக்கொண்டு உன்னோடு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் குளித்துத் தலை வாரி, இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் தயாராக நின்றாள்.

மாடியில் மூலையில் என் தையல் மிஷின் பக்கத்தில் அம்மாவை நிறுத்தி டேப்பை வைத்தேன். விவரம் தெரிந்த பிறகு நான் அவளை அப்படித் தொட்டதே இல்லை. அவள் மரம் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றாள். எனக்கிருந்த பயத்தில் டேப்பில் இருந்த எண்ணைத்தான் பார்த்தேன், அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வெட்டினேன், தைத்தேன், கொக்கி வைத்தேன். புடவையைக் கட்டி மறைத்திருந்த இடத்துக்குள் அவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டால், முன்பக்கத்து இரண்டு ஓரமும் ஒன்றோடொன்று எட்டவே இல்லை. இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தபடி நின்றேன். அம்மா குனிந்து என் விரல்களைப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, திடீரென்று எட்டியது. கொக்கிகளை வரிசையாக மாட்டி அவளை வெளியே கூட்டிவந்தேன்.

பரீட்சை நடத்த வந்த கடலூர் அம்மா அவளைத் திருப்பி நிறுத்திப் பார்த்தார். தோளை இழுத்துப் பார்த்தார். எங்கேயாவது பிடிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று என் அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். பேசுவார்களா என்று அவர் கேட்டதற்கும் ஒரு சிரிப்புதான். கூச்சம் என்று டீச்சர் சமாளித்தார். கடலூர் அம்மா அடுத்த ஆளிடம் போகும்வரை என் அம்மா வாயைத் திறக்கவில்லை.

மாடிப்படி இறங்கும்போது அம்மா பெரிசாக ஒரு மூச்சு இழுத்து விட்டாள். மேல் கொக்கி தெறித்துப் படியில் உருண்டது.

"நீ அளக்கும்போது வெக்கத்துல ஒடம்ப ஒடுக்கி மூச்ச புடிச்சுக்கினேன்டி. மாட்டும்போதுதான் தெரிஞ்சிது. வுட்டா உன் பரிச்ச பூடுமேன்னு அந்தம்மா போற வரிக்கும் வுடவே இல்ல" என்றாள்.

நடுக்கடைவீதியில் நின்று இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். ஆறு மாதமாக அந்த வீதியில் நடந்திருக்கிறேன், அங்கே நான் சிரித்தது அன்றைக்குத்தான். தெறித்த இடத்தைச் சேலையால் மூடிக்கொண்டு, அம்மா ஜாக்கெட்டோடுதான் சிங்கவரம்வரை நடந்தாள். கடைக் கண்ணாடிகளில் தன்னைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஊர் தெரிகிற திருப்பத்தில் ஒரு புளியமரம் உண்டு. அதன் பின்னால் போய்க் கழற்றி, மடித்து என் கையில் கொடுத்தாள்.

"போட்டுக்கினு போனா நாளைக்கு வேலைக்குக் கூப்ட மாட்டாங்க" என்றாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் வீடுவரை அவளை முந்திக்கொண்டு நடந்தேன். பக்கவாட்டுத் தையலைப் பிரித்து அந்த ஜாக்கெட்டைத் தளர்த்தி வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை.

நான் பாஸானேன். தையல் டீச்சர் வேலை தொலைவில், பஸ் மாறிப் போகிற ஊரில் கிடைத்தது. ஒரு அறை எடுத்துத் தங்கினேன். அம்மாவைக் கூப்பிட்டேன். நாலு பேர் முகம் பார்க்காமல் அறைக்குள் அடைந்து கிடக்கத் தன்னால் ஆகாது என்றுவிட்டாள். என்னால் ஆகுமா என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவள் இறந்துபோன பிறகு சிங்கவரத்துக்குப் போக எனக்குக் காரணம் இல்லாமல் போயிற்று.

வேலையில் இருந்தவரை ஒவ்வொரு வகுப்பிலும் ஜோடி சேரச் சொல்லும்போது மிஞ்சுகிறவள் யார் என்றுதான் என் கண் போகும். அவளை நானே அளப்பேன். மூச்சை விடும்மா, நன்றாக விடு என்று சொல்லிவிட்டுத்தான் டேப்பையே வைப்பேன். டீச்சருக்கு இது ஒரு பழக்கம் என்று பெண்கள் கேலி செய்வார்கள்.

என் ஜாக்கெட்டை இன்றுவரை நானேதான் தைத்துக்கொள்கிறேன். மற்ற அளவுகளை அவ்வப்போது மாற்றிக்கொள்வேன். முதுகை அளக்க ஆள் இல்லை. அம்மா நகத்தால் கிள்ளிப் பிடித்துக் காட்டிய அளவுதான் இன்னும். உடம்பு பெருத்துவிட்டது, இறுக்கத்தான் செய்கிறது. கொஞ்சம் மூச்சைப் பிடித்துக்கொண்டால் கொக்கி மாட்டிவிடலாம்.