அதுக்கு முந்தி?

இங்கிலாந்துத் தியேட்டர்களில் இடைவேளை கிடையாது. நான் அங்கே குடிபோய் இருபது வருஷத்துக்கு மேலாகியும் என் உடம்பு இதை ஒப்புக்கொள்ளவில்லை. படம் பாதியைத் தாண்டியதும் கால் தானாகச் செருப்பைத் தேடும். பக்கத்து இருக்கைக்காரர் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டு, நான் எழுந்திருக்காததைப் பார்த்து முழிப்பார். இந்த முறை மதுரைக்கு வந்தபோது என் மகள் ஜெனிக்கு இதே வியாதி தலைகீழாக வந்தது. திரையில் ஒருவன் தன் முகமூடியைக் கழற்றப் போன சமயத்தில் 'இடைவேளை' என்று எழுத்து விழுந்து விளக்கு எரிந்ததும், "என்னம்மா, கரன்ட் போயிருச்சா?" என்று கேட்டாள். "கரன்ட் போனா லைட்டு எப்படி எரியும்?" என்று என் தம்பி சாம் விழுந்து விழுந்து சிரித்தான்.

அது ஓர் அமெரிக்கப் படம். பெரிய இடத்துப் பிள்ளைகள் படிக்கிற கல்லூரி, அதற்குள்ளே ஒரு ரகசியச் சங்கம், காணாமல் போன ஒரு மாணவன். படத்தைத் தமிழில் பேசவைத்திருந்தார்கள். கறுப்பு அங்கி போட்ட கோடீஸ்வரப் பையன்கள் நிலவறையில் மெழுகுவர்த்தியைச் சுற்றி நின்றுகொண்டு, "மாப்ள, இவனை இன்னைக்கு உள்ள சேக்குறோம்டா" என்றதும் தியேட்டரே விசிலடித்தது. சேர வந்தவனை நடுவில் நிறுத்திவைத்து, உன் அப்பன் யார், எங்கிருந்து வருகிறாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். சனங்களுக்கு அது பயங்கரக் காட்சி. எனக்கோ எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது.

சாம் போன் பேச வெளியே போனான். நானும் ஜெனியும் சமோசா வாங்க வரிசையில் நின்றோம். அங்கே வைத்துத்தான் சொன்னாள்.

"அம்மா, சொன்னா திட்டக் கூடாது. என்னையும் இப்படி ஒண்ணுல கூப்பிட்டிருக்காங்க."

"எதுலடி?"

"என் காலேஜ்ல. பேர் சொல்லக் கூடாதாம். ரொம்பப் பழசு. முதல்ல ஒரு டின்னர். அதுல இருந்தவங்கதான் பின்னாடி ஜட்ஜு, மந்திரின்னு ஆவாங்களாம். கொலையெல்லாம் பண்ண மாட்டாங்க, பயப்படாத. இன்னைக்குள்ள பதில் சொல்லணும்."

பயப்பட வேண்டியவள்தான். ஆனால் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது பெருமை. வார்டு வார்டாக ஓடிக் கால் வீங்கிய ஒரு நர்ஸின் மகளை அந்த ஊர்ப் பெரிய மனிதர்கள் தங்கள் மேசைக்குக் கூப்பிடுகிறார்கள்! மனசு துள்ளிக் குதித்தது. வாயைத் திறப்பதற்குள், முன்னால் நின்ற அம்மா ஒருவர் திரும்பி ஜெனியின் கன்னத்தைத் தொட்டார். நல்ல களையான முகம், கை நிறைய வளையல்.

"பாப்பா தமிழ் அழகா பேசுதே. எந்த ஊரும்மா?"

"இங்கிலாந்து ஆன்ட்டி."

"அது சரி, சொந்த ஊரு?"

"அம்மாவுக்குப் பசுமலை."

"பசுமலைல எங்க?"

"தாத்தா ஸ்கூல் பக்கத்துல. தாத்தா அங்க டீச்சர்."

"ஓ, வேதக்காரங்களா, சர்ச்சுக்குப் போறவங்களா? அதுக்கு முந்தி?"

ஜெனி சற்று யோசித்துவிட்டு, "அதுக்கு முந்தி நான் பொறக்கவே இல்ல ஆன்ட்டி" என்றாள். வரிசையே சிரித்தது. அந்த அம்மாவும் சிரித்தார். ஆனால் அவருடைய கண் ஜெனியை விட்டு என் முகத்துக்கு வந்தது. எனக்கு வரிசை நகர்கிறதா என்று பார்க்க வேண்டிய அவசரம் வந்துவிட்டது.

மதுரையில் நான் நர்ஸிங் படிக்கப் போன முதல் வாரமே விடுதியில் இதே கேள்விகளைத்தான் கேட்டார்கள். எந்த ஊரு, ஊர்ல எந்தப் பக்கம், அப்பா பேரு என்ன, தாத்தா பேரு என்ன. மெழுகுவர்த்தியும் இல்லை, முகமூடியும் இல்லை. தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே சிரித்த முகத்தோடு கேட்பார்கள். பதில் சொல்லி முடித்தால் சாப்பாட்டுக் கூடத்தில் உனக்கு எந்த மேசை என்பது முடிவாகிவிடும். பஸ்ஸில் வரும் பையன்கள் இன்னும் சுலபம். மணிக்கட்டில் கட்டிய கயிற்றின் நிறமே ஆளைச் சொல்லிவிடும். "பசுமலை, வாத்தியார் மகள். அம்புட்டுதான் சொல்லணும், அதுக்கு மேல வாயைத் தொறக்காத" என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். நானும் வாயைத் திறக்கவில்லை. அதுவே பதிலாகிவிட்டது. படித்து முடிக்கும்வரை நான் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன்.

விமானம் ஏறியபோது, அப்பாடா, இனி ஒரு நாய் கேட்காது என்று நினைத்தேன். கேட்டார்கள். ஜெனி சின்னவளாக இருந்தபோது என்னோடு வேலை பார்த்த வெள்ளைக்கார அம்மணி, "உன் மகள் எந்தப் பள்ளி?" என்றாள். வழி கேட்கிறாளாக்கும் என்று எந்த பஸ், எந்த நிறுத்தம் என்றெல்லாம் விலாவாரியாகச் சொன்னேன். "லவ்லி" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவள் வீட்டு விருந்துக்கு மற்றவர்களைக் கூப்பிட்டாள், என்னைக் கூப்பிடவில்லை. பணக்காரப் பள்ளியா, சர்க்கார் பள்ளியா என்று பார்க்கிற அதுவும் எந்தப் பக்கம் என்கிற கேள்விதான் என்று விளங்க எனக்கு ரொம்ப நாள் பிடித்தது.

படத்தின் இரண்டாம் பாதியில் யார் யாரைக் கொன்றார்கள் என்று கேட்காதீர்கள். கண் திரையில் இருந்ததே தவிர எதுவும் ஏறவில்லை. வெளியே வந்து சாமின் காரில் ஒத்தக்கடையில் இருக்கிற அவன் வீட்டுக்குத் திரும்பும்போது, ஜெனி வரிசையில் நடந்ததை அவனிடம் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டாள்.

"அந்த ஆன்ட்டி உன்னை ஏன் அப்படிப் பாத்தாங்க?"

சாம் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். "வேண்டாம்க்கா. பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்?" என்றான். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் நாங்கள் இதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. எங்கள் வீட்டிலேயே ஒரு ரகசியச் சங்கத்தை நடத்தியிருக்கிறோம். சொன்னேன். கேள்விகள் எதற்கு, மேசை எதற்கு, நாங்கள் யார், எல்லாம். நாங்கள் யார் என்பதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் வாசிக்கிற உங்களில் பாதிப் பேர் அதை மட்டும்தான் வாசிப்பீர்கள்.

"அப்ப நீ தனியாவே சாப்பிட்டியா?" என்றாள் ஜெனி.

"ஆமா. அதுக்குத்தான் சொல்றேன், நீ அந்த டின்னருக்குப் போ. எனக்குத்தான் எந்த மேசையிலயும் எடமில்ல. நீயாவது போய் உக்காரு."

எப்படி அந்த வார்த்தை வந்ததென்று எனக்கே தெரியவில்லை. போகாதே என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"சரி, போறேன். நீயும் வா."

"கிறுக்கா பிடிச்சிருக்கு? என்னை எப்படி விடுவாங்க?"

"கேட்டுப் பாப்போம். இங்க வந்ததுலேருந்து யார் சாப்பிடக் கூப்பிட்டாலும் அம்மாவையும் கூட்டிட்டு வான்னுதானே சொல்றாங்க?"

நான் போனைப் பிடுங்குவதற்குள், அம்மாவும் வரலாமா என்று கேட்டு அனுப்பிவிட்டாள். மேலூர் ரோட்டு நெரிசலில் கார் ஊர்ந்துகொண்டிருக்கும்போதே பதில் வந்தது. முதலில் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மைகள். பிறகு, உறுப்பினர்களுக்கு மட்டும் என்று ஒரு வரி. ஜெனி வாசித்துக் காட்டிவிட்டு ஏதோ தட்டினாள்.

"அப்ப நானும் வரலன்னு சொல்லிட்டேன்."

ஐயோ, எனக்கு வந்ததே கோபம்! எவ்வளவு பெரிய இடம், ஒரு அம்மாவுக்காக எவளாவது இப்படித் தூக்கிப் போடுவாளா, அறிவிருக்கா என்று ஒத்தக்கடை வரைக்கும் திட்டித் தீர்த்தேன். திட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. இவளையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று எனக்காக ஓர் இடத்தில் ஒருவர் கேட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கேட்டது என் பிள்ளை. முடியாது என்று பதில் வந்த ஊருக்குத்தான் அடுத்த வாரம் நாங்கள் திரும்பிப் போகிறோம்.

"எறங்குக்கா, வீடு வந்துருச்சு" என்றான் சாம். எந்த வீடு என்று ஒரு நிமிஷம் விளங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.