ஆள் உள்ளே

பெருங்குடியில், குப்பைமேட்டுக் காற்று நேராக வந்து மூக்கில் அறையும் ஒரு கொட்டகை. மயிலாப்பூர், அடையாறு பக்கத்து மாட்டுத் தொழுவங்களுக்கு அங்கேதான் வைக்கோலை அழுத்திக் கட்டுகிறார்கள். அந்த மிஷினின் சென்சர்களைப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. அசோக் நகரிலிருந்து வெயிலில் வண்டி ஓட்டிப் போய்ச் சேரும்போதே யார் மேலாவது எரிந்து விழ வேண்டும் போலிருக்கும்.

மிஷினின் இரும்புப் பலகை ஒரு தள்ளு தள்ளினால் உள்ளே இருப்பது எதுவானாலும் நசுங்கிவிடும். அதற்காகத்தான் குறுக்கே ஓர் ஒளிக்கதிர். யாராவது மறித்தால் பேனலில் சிவப்பு விளக்கு எரியும், மிஷின் ஓடாது. விளக்கின் கீழே 'ஆள் உள்ளே' என்று ஒட்டியிருந்ததில் 'உள்ளே' எப்போதோ உரிந்துவிட்டது. அதனால் அங்கே எல்லோருக்கும் அந்த விளக்கின் பெயரே ஆள். "ஆள் வந்துட்ச்சி சார், ரெண்டு நாளா போவ மாட்டேங்குது" என்றுதான் போனில் கூப்பிட்டார்கள்.

வைக்கோல் தூசு சென்சரின் கண்ணாடியை அடைத்திருக்கும், வேறென்ன? துடைத்தேன். விளக்கு அணைந்தது. பேனலில் நிற்கும் பெண் டீ வாங்கப் போனாள். நான் என் பெட்டியை மூடுவதற்குள் மறுபடி எரிந்தது.

முன்வாய் வழியாக எட்டிப் பார்த்தேன். இருட்டில் வைக்கோல் குவியல், அவ்வளவுதான். திரும்பினேன், விளக்கு அணைந்திருந்தது. இரண்டு அடி வைத்தேன், எரிந்தது. ஒயரை ஆட்டினேன், மாற்றினேன். அது தன் இஷ்டத்துக்கு எரிந்து அணைந்தது. பட்டப்பகல், பக்கத்தில் ஜெனரேட்டர் கத்திக்கொண்டிருக்கிறது, எனக்கோ பிடரி சில்லிட்டது. உள்ளே எதுவோ என்னை ஒளிந்து பார்ப்பதாகவே தோன்றியது. பயந்ததை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்ததால் கோபம் வந்தது.

டீ வாங்கப் போனவள் பின்பக்கமாகச் சுற்றி வந்தாள். "சார், ஆள் கீது."

"தெரியும்மா, தெரியும்! கண்ணு இல்லையா எனக்கு?"

அவள் டீ கிளாஸோடு ஒதுங்கி நின்றாள்.

அதன்பிறகு செய்யக் கூடாததைச் செய்தேன். சென்சரைக் கழற்றிவிட்டு, உள்ளே யாரும் இல்லை என்று மிஷின் நம்பும்படி இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தேன். விளக்கு அணைந்தது. ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று பச்சைப் பொத்தானில் விரல் வைத்தேன்.

டீ கிளாஸ் கீழே விழுந்து உடைந்தது. "யக்கா!" என்று வீறிட்டாள் அவள்.

"இன்னாடி?" என்றது மிஷின்.

விரலை நான் எடுத்தேனா, தானாக வந்துவிட்டதா, இன்றுவரை தெரியாது. மிஷினின் பின்கதவு வழியாக, தலையெல்லாம் வைக்கோலோடு, கொட்டகையைப் பெருக்கும் அம்மா இறங்கினார். கதவடியில் கழற்றிப் போட்டிருந்த செருப்பை மாட்டிக்கொண்டார். அந்தச் செருப்பைப் பார்த்துவிட்டுத்தான் இவள் என்னிடம் வந்து சொல்லியிருக்கிறாள். நான் விளக்கைச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டேன்.

"தெரியும்னு சொன்னீங்களே சார்" என்று அழுதாள்.

"மிஷினுக்குள்ள யாராவது போவாங்களாம்மா?" என்று அந்த அம்மாவைப் பார்த்துக் கத்தினேன்.

"மூலையில சிக்கினத உருவத்தான் சார் போனேன்" என்றார் அவர், முந்தானையை உதறிக்கொண்டே. "மத்த நாள்ல பயம். இன்னிக்கு நீங்க கீறீங்களே, ஓடாதுன்னு தைரியமா ஏறிட்டேன்."