சாக்கில் கட்டிக் கொண்டுபோன பூனை

எங்கிருந்தோ வந்த பூனை ஒன்று, தருவைகுளத்தில் எங்கள் வீட்டையே தன் வீடாக்கிக்கொண்டது. மாடியில் காயப்போட்ட கருவாட்டை அது இழுத்துத் தின்றதும் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"ஏளா, தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துல விட்டுட்டு வா. அங்கன மீனுக்கா பஞ்சம்?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

சாக்கில் கட்டிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்தால், மூலையில் கிடந்த பழைய வலைக்குள் கண் திறக்காத குட்டிகள் கத்துகின்றன!

பதறிப்போய் மறுபடி துறைமுகத்துக்கு ஓடினேன். விட்ட இடத்திலேயே ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஓடிவந்து காலில் உரசியது. கூனிக்குறுகிப் போனேன்.

இப்போதெல்லாம் கருவாட்டை அந்தப் பழைய வலையைப் போட்டு மூடித்தான் காயவைக்கிறேன். அன்றைக்கே அந்த வலையை எடுக்கப் போயிருந்தால், குட்டிகளைப் பார்த்திருப்பேன்.