பார் இல்லாத சயிக்கிள்

இரும்பு அறுக்கும் வாளின் சத்தம் முதலில் பல்லில்தான் கேட்கும், பிறகுதான் காதில். எனக்குப் பத்து வயதில், உரும்பிராய்ச் சந்தியில் இருந்த இரும்பு ஒட்டுக்கடையில் அப்பாவின் சயிக்கிளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றபோது, அந்தச் சத்தம் என் கடைவாய்ப் பல்வரை ஏறியது. இருக்கையிலிருந்து ஹாண்டில்வரை நேராகப் போகும் குழாயை நாங்கள் "பார்" என்போம். அப்பா என்னை ஏற்றிக்கொண்டு திரிந்த இடம் அது. அதைத்தான் அம்மா அறுக்கச் சொல்லியிருந்தார்.

அதற்கு முதல் நாள், அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த கையோடு, அவருடைய அண்ணனான பெரியப்பா சயிக்கிளைக் கேட்டார். "பார் வைச்ச சயிக்கிள் பொம்பிளைக்கு என்னத்துக்கு? சும்மா நிண்டு கறள் பிடிக்கும். என்ரை பெடியன் ஓடட்டும்" என்றார். சேலை உடுத்தவர் காலைத் தூக்கி அந்தப் பாரைத் தாண்ட முடியாது என்பது உண்மைதான். ஆனால் சயிக்கிள் போனால் எங்கள் நீர்வேலித் தோட்டத்து வாழைக்குலைகள் சந்தைக்குப் போக வழியில்லை, அடுப்பும் எரியாது. அம்மா தலை நிமிராமல், "நாளைக்கு வாங்கோ அத்தான்" என்று மட்டும் சொன்னார்.

விடிந்ததும் நாங்கள் ஒட்டுக்கடையில் நின்றோம். கடைக்காரர் வாளை எடுக்கத் தயங்கினார்.

"அக்கா, உந்தப் பாரை அறுத்தால் பிறகு ஒரு ஆம்பிளையும் ஏறான், சொல்லிப்போட்டன்."

"அதுக்குத்தான் தம்பி அறுக்கச் சொல்லுறன்."

பார் நிலத்தில் விழுந்தது. அதற்குப் பதிலாகப் பழைய தண்ணீர்க் குழாய்த் துண்டொன்றைச் சரிவாக வைத்து ஒட்டினார். தொழில் தெரிந்தவனாகச் சொல்கிறேன், அதைவிட அவலட்சணமான ஒட்டை நான் கண்டதில்லை. அதைவிட உறுதியானதையும் கண்டதில்லை.

பின்னேரம் பெரியப்பா மகனோடு வந்தார். அந்த அண்ணை சயிக்கிளில் பூட்டுவதற்குப் புது மணிகூட வாங்கிக் கையில் வைத்திருந்தார். பெரியப்பா சயிக்கிளை ஒருமுறை சுற்றிவந்து, "செத்தவன்ரை சயிக்கிளை அறுத்துப் போட்டியே! இனி உதிலை நாய்கூட ஏறாது" என்று கத்தினார்.

"நாய் ஏற வேண்டாம் அத்தான், நான் ஏறினால் காணும்."

அண்ணை மணியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனார். நடக்க நடக்க அது கிணுகிணுத்தது.

அம்மா வீட்டுக்கு முன்னால் ஒழுங்கையில் விழுந்து விழுந்து பழகினார். முழங்கை உரிந்தது, இடுப்பு நிமிராமல் நாரி பிடித்தது, ஒரு மாதத்தில் கரியரின் இரு பக்கமும் குலைகளைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனார். ஒழுங்கை முகப்பில் குந்தியிருந்தவர்கள் "வாறா, வாழைக்குலை மகாராணி" என்றார்கள். அவர் நிமிர்ந்தபடி மிதித்தார். நான்தான் குனிந்தேன். பள்ளிக்கூடத்துப் பெடியள் "பெட்டைச் சயிக்கிள்" என்று கத்தியதில், அதன் பின்னால் ஏறுவதையே விட்டேன். ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு தூரத்துப் பள்ளிக்கூடத்துக்கு அம்மா என்னை ஏற்றிப்போக ஆயத்தமாக இருந்தார், நான் மறுத்தேன். என் படிப்பு அதோடு நின்றது. வறுமையால் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, வெட்கத்தால்.

இன்று என் சின்னப் பட்டறையில் பழைய சயிக்கிள்களைப் புதுப்பிக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் தகப்பன்மாரின் சயிக்கிள்களைக் கொண்டுவருவார்கள்; ஒவ்வொரு ஆணியும் பழையபடி இருக்கச் செய்துகொடுப்பேன். சென்ற மாதம், பழைய சயிக்கிள் ஊர்வலம் ஒன்றை ஒழுங்குசெய்த இளைஞர் ஒருவர் அம்மாவின் சயிக்கிளைக் கண்டார்.

"வடிவான சாமான் அண்ணை. ஆனால் பிறேம் ஒரிஜினல் இல்லையே. பாரைப் போட்டுவிடுங்கோ, பேரைச் சேர்க்கிறன். உங்களுக்கு ஒரு நாள் வேலைதானே?"

ஒரு நாள்கூட இல்லை, அரை நாள் வேலை. ஆட்களோடு கதைக்கவே கூசுகிறவன் நான். யார் எதைக் கேட்டாலும் "ஓம்" என்றுவிடுவேன். அன்று "மாட்டன்" என்றேன்.

ஊர்வலத்தன்று, பெயர் பதிந்த சயிக்கிள்கள் எல்லாம் போனபின், கடைசியாக நானும் அதில் போனேன். பட்டறைக்குள் எத்தனையோ முறை மிதித்துப் பார்த்திருக்கிறேன். வீதியில் நானே அதை மிதித்தது அன்றுதான். சந்தியில் ஒட்டுக்கடை இருந்த இடத்தில் கைத்தொலைபேசிக் கடை. பெரியப்பா இல்லை, ஒழுங்கை முகப்பில் குந்தியிருந்தவர்கள் இல்லை, அம்மாவும் இல்லை. ஸ்கூட்டரில் போன பெண்பிள்ளைகள் திரும்பியும் பார்க்கவில்லை. எது ஆண் சயிக்கிள், எது பெண் சயிக்கிள் என்ற கவலை அங்கே ஒருவருக்கும் மிஞ்சவில்லை. யாராவது சிரித்தால் காலை ஊன்றி நின்று பதில் சொல்லலாம் என்று சந்தியை இரண்டு முறை சுற்றினேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. மூன்றாம் முறையும் சுற்றினேன்.