வான்கட்டில் அடுக்கிய உரப்பைகள்

நனைந்த உரப்பையின் அந்தப் புளித்த மணம்... இன்று காலை மழையோடு மூக்கில் ஏறியதும் பழைய மாரி ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது.

துணுக்காய்ப் பக்கம் எங்கள் சின்னக் குளம். போர் முடிந்து மீளக்குடியேறிய காலத்தில் தனியாக வயல் செய்த பெண்கள்தான் ஊரில் அதிகம். அதனால் குளத்தைப் பார்க்கும் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக்கு முதல் தடவையாக ஒரு பெண், யோகமக்கா, தலைவரானார். நான் செயலாளர். கூட்டத்தில் வாய் திறக்கவே நடுங்குவேன்.

குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடுவது வான்கட்டால். எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். உரப்பையில் மண் நிரப்பி வான்கட்டின் மேல் அடுக்கி, இன்னும் இரண்டு சாண் தண்ணீரை மறித்துவிடுவார்கள். கோடையில் சிறுபோக நெல்லும் செய்ய ஆசை, வேறென்ன! பழைய மண்கட்டு அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று யார் யோசித்தது?

அந்த மாரியில் மழை விடாமல் பெய்தது. கட்டின் அடியில் கசிவு தொடங்கியது.

"பிள்ளை, கத்தியை எடு. மூட்டையளை வெட்டி விடுவம்," என்றார் அக்கா.

கட்டுக்குக் கீழே வீடு வைத்திருந்த கணபதியண்ணை ஓடிவந்தார்.

"உங்களுக்கென்ன விசரே? கையில கிடைச்ச தண்ணியைக் கடலுக்கு விடுறியளோ? பொம்பிளையளிட்டை குளத்தைக் குடுத்தா இப்பிடித்தான்!"

"அண்ணை, கட்டு உடைஞ்சா முதல் போறது உங்கட வீடுதான். தள்ளி நில்லுங்கோ," என்றார் அக்கா.

வெட்டினோம். தண்ணீர் இரைந்துகொண்டு ஓடியது.

மறுநாள் பார்த்தால்... பளீரென்று வெயில்! ஐயோ, அந்த வெயிலை எவ்வளவு திட்டியிருப்பேன். கடைக்குப் போனாலும் நாங்கள் தண்ணீரை வீணாக்கிய கதை, கோயிலுக்குப் போனாலும் அதே கதை. இனி மழை பெய்யாவிட்டால் சிறுபோகமும் இல்லை, தலைவர் கதிரையில் இனியொரு பெண்ணும் இல்லை. நான் நாளுக்குப் பத்துத் தடவை குளத்துக்குப் போய்த் தண்ணீர் மட்டம் பார்த்தேன். அக்காவும் முற்றத்தில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு வந்தது பாருங்கள் மழை! பக்கத்து ஊர்க் குளம் உடைத்துக்கொண்டு போனது. எங்கள் கட்டு நின்றது. அடுத்த தலைவர் தெரிவில் யோகமக்காவின் பெயரை முதலில் சொன்னவர் கணபதியண்ணை.

இப்போது குளக்கட்டை உயர்த்தியாயிற்று. மழை எச்சரிக்கை போனுக்கே வருகிறது. அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. நேற்றும் யாரோ மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். அக்கா வவுனியாவில் மகளோடு இருக்கிறார். தலைவர் கதிரையில் நான்.

அன்று பயந்தால் அக்காவின் முகத்தைப் பார்ப்பேன். இன்று எல்லாரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள்...

மழை இன்னும் விடவில்லை. இப்போதுதான் புதுச் செயலாளர் பிள்ளை எனக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, கட்டு கசியுது. என்ன செய்யிறது?"

"கத்தியை எடுத்துக்கொண்டு வா பிள்ளை. நானும் வாறன்," என்றேன்.

குரல் நடுங்கியது அவளுக்குக் கேட்டிருக்காது என்று நம்புகிறேன்.