எலி மூளைக்கு இரண்டு எண்ணிக்கை

ஜப்பான்காரன் காலத்தில் கோலாலம்பூர் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் எலி மூளையைச் சீவுவதுதான் பிரிக்பீல்ட்ஸ் சபாபதியின் வேலை. அவர் சீவினால் வெங்காயச் சருகு தோற்றுவிடும். அந்தப் பெருமைதான் அவரை மாட்டிவிட்டது.

காய்ச்சல் கண்ட எலிக்கு மூளையின் ஒரு பகுதியில் எத்தனை நரம்புச் செல்கள் சாகின்றன என்று ஜப்பானிய டாக்டருக்குத் தெரிய வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, நல்ல எலியில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணச் சொன்னார். ஒரே எலியின் இடது பக்கம் சபாபதிக்கு, வலது பக்கம் கூட்டாளி பக்கிரிசாமிக்கு. பத்துக்கு ஒரு சீவலை மைக்ராஸ்கோப்பில் வைத்து எண்ணி, பத்தால் பெருக்க வேண்டும். பக்கிரிசாமிக்கு இருபத்தோராயிரம் வந்தது. சபாபதிக்கு இருபத்தெட்டாயிரம். இரு பக்கமும் ஏறக்குறைய ஒத்துவர வேண்டும்; கூடுதலாகச் சொன்னவர் தலையில் பழி.

"சாலா," என்றார் டாக்டர். தப்பு என்பதற்கான மலாய்ச் சொல்லை மட்டும் அவர் நன்றாகக் கற்றிருந்தார்.

மூன்று முறை எண்ணியும் அதேதான். வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் சபாபதியின் வேலைச் சீட்டைப் பிடுங்கிவிடுவார்கள். சீட்டில்லாதவனை லோரியில் ஏற்றி, போனவன் திரும்பாத சயாம் காட்டுக்கு ரயில் ரோடு போட அனுப்பிக்கொண்டிருந்த நேரம் அது.

"உங்க பக்கம் மட்டும் மூளை ஜாஸ்தியாண்ணே?" என்றான் பக்கிரிசாமி.

"உன் சீவல் தோசை கனம். அதுல என்னடா தெரியும்?"

"தோசைதான். ஆனா என் சீட்டு என்கிட்ட இருக்கு லா."

வியாழக்கிழமை, எரிச்சலில், எண்ணிய சீவலையும் அதற்கு அடுத்த சீவலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார் சபாபதி. வளைந்த ரத்தக்குழாய் ஓரம் ஒரு செல். அடுத்த சீவலிலும் அதே இடத்தில் அதே செல். கத்தி அதை இரண்டாக அறுத்திருந்தது. பாதியை எல்லாம் முழுசாக எண்ணித் தொலைத்திருக்கிறார். மெலிசாகச் சீவச் சீவ அறுபட்ட பாதிகளும் கூடும். ஆனால் செல்லின் நடுவில் இருக்கும் கருநீலப் புள்ளி ஒரு பாதியில்தான் இருந்தது.

புள்ளி தெரிந்ததை மட்டும் எண்ணினார். பதினாலாயிரம்.

"முன்ன ஏறுச்சு, இப்ப இறங்குதா?" என்று சிரித்த பக்கிரிசாமியையும் டாக்டர் புள்ளியை எண்ண வைத்தார். முணுமுணுத்துக்கொண்டே எண்ணினான். பதினாலாயிரத்து முந்நூறு.

டாக்டர் சபாபதியின் சீட்டில் முத்திரை குத்தினார். பிறகு அலமாரியைக் காட்டினார். போன வருஷம் எண்ணி முடித்த பதினோரு காய்ச்சல் எலிகளின் சீவல் பெட்டிகள்.

"செமுவா," என்றார். எல்லாவற்றையும்.

"சும்மா இருந்திருக்கலாம்ணே," என்றான் பக்கிரிசாமி.

"சும்மா இருந்தா சயாம்டா," என்றபடி சபாபதி முதல் பெட்டியை இறக்கினார்.