ஏழாம் கட்டிலின் துணி மூட்டை

ஆஸ்பத்திரியில் ஊசி என்றால் குழந்தைகள்தான் அழும். இந்த ஆஸ்பத்திரியில் பெரியவர்களும் நடுங்குவார்கள். கீழ்த்தளத்துத் துணி அறையில் தையல் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாளுக்கும் ஊசி என்றுதான் பெயர். கிழிந்த விரிப்புக்கு ஒட்டுப் போடுவது, ஆபரேஷன் அங்கிக்கு நாடா தைப்பது, தலையணை உறை மாற்றுவது எல்லாம் அவள் வேலை. விரிப்பைக் கசக்கிக் கொண்டுவரும் ஆயாவை ஒரு பார்வை பார்த்தால் போதும், அந்த ஆயா நின்ற இடத்திலேயே மடித்துக் கொடுத்துவிட்டுப் போவாள்.

கோபத்தை மறக்கத் தெரியாத பிறவி அவள். சின்ன வயதில் தன் பென்சிலை உடைத்த பக்கத்து வீட்டுக்காரியின் மகள் கல்யாணத்துக்குப் போய், நன்றாக வாழ்த்திவிட்டு, கையில் ஒரு பென்சில் பெட்டியைக் கொடுத்துவிட்டு வந்தவள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்டவளிடம் ஒருவன் உண்மையாகவே மாட்டிக்கொண்டான். அவன் அவளுடைய தங்கையின் புருஷன்.

சரக்கு வேன் ஓட்டுகிறவன். தெருவில் அவனுக்கு லேட்டு என்று பெயர். சொந்தக் கல்யாணத்துக்கே ஒரு மணி நேரம் கழித்து வந்தவன். ஊசியின் தங்கைக்கு அதெல்லாம் ஒரு குறையாகவே தெரியவில்லை. "வந்துடுவாருக்கா, வராம எங்க போவாரு" என்று சிரிப்பாள். அந்தத் தங்கை மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கு வந்து, ரத்தப்போக்கு நிற்காமல் செத்துப்போனாள். பெண் குழந்தை மட்டும் பிழைத்தது.

அன்றைக்கு ஊசி ஆஸ்பத்திரியில் இல்லை. காலை ஏழு மணிக்கே புதுத் துணி வாங்க தலைமைக் கிடங்குக்குப் போயிருந்தாள். நாலு மணிக்குத் திரும்பி வந்தபோது தங்கையின் முகத்தை மூடிவிட்டார்கள். பெரிய டாக்டர் தன் கையால் ஒரு காகிதத்தை நீட்டினார். 'நோயாளி தாமதமாகக் கொண்டுவரப்பட்டார். சேர்த்த நேரம் பிற்பகல் 3.30' என்று இருந்தது. கையெழுத்துப் போட்டால்தான் உடம்பையும் குழந்தையையும் கொடுப்போம் என்றார்கள். அவள் படித்தாள். கையெழுத்துப் போட்டாள்.

"பொய்யிக்கா! காலையிலயே கூட்டிட்டு வந்துட்டேன். எட்டு மணி சொச்சம். நீங்க வேலையா போன இடத்துல பதறக்கூடாது, குழந்தையோட சேர்த்துச் சொல்லிக்கலாம்னு அவதான் போன் பண்ண விடல" என்று லேட்டு கத்தினான்.

ஊசி அத்தனை பேர் பார்க்க அவனைப் பளாரென்று அறைந்தாள். "வாழ்க்கையில ஒருநாளாவது நேரத்துக்கு வந்திருக்கியாடா நீ?"

குழந்தையை அவள் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஞாயிறுதோறும் காலை ஒன்பது மணிக்கு அவன் அவள் தெரு முனையில் வந்து நிற்பான். அவள் அவன் முகத்துக்கு நேராகச் சன்னலைச் சாத்துவாள். மழையிலும் நின்றான், வெயிலிலும் நின்றான். அவள் வயிறு குளிர்ந்தது. நில்லுடா, என் தங்கச்சி கிடந்து துடித்ததற்கு நீ நின்றே சாகு என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே குழந்தைக்குத் தலை சீவுவாள். குட்டிக்கு மூன்று வயதானது. பெரியம்மா என்றால் உயிர். அப்பா என்று ஒருவர் இருப்பதே அதற்குத் தெரியாது.

இப்போது துணி அறையின் ஒரு நடைமுறையைச் சொல்ல வேண்டும். பிரசவத்துக்கு வரும் பெண் உடுத்தி வந்த துணியை வாங்கி, மூட்டையாகக் கட்டி, கட்டில் எண்ணும் தேதியும் வந்த நேரமும் எழுதிய அட்டையைக் கட்டிக் கீழே அனுப்புவார்கள். வீட்டுக்குப் போகும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். யாரும் வந்து கேட்காத மூட்டை மேல் அலமாரிக்குப் போகும். மூன்று வருஷம் கழித்து அதை அவிழ்த்து, கத்தரித்து, கிழிந்த விரிப்புகளுக்கு ஒட்டுப் போடலாம். எழுதி வைத்த விதி அது. ஊசி வருஷாவருஷம் செய்துவந்த வேலை.

அந்த வருஷமும் ஏணி போட்டு மூட்டைகளை இறக்கினாள். மூன்றாவது மூட்டையை அவிழ்த்தாள். நீலப் பூப்போட்ட நைட்டி. இடது பக்கத்தில் ஒரு பை. நைட்டிக்கு இடது பக்கம் யாராவது பை வைப்பார்களா? இடதுகைக்காரிக்குத்தான் வைப்பார்கள். வைத்துத் தைத்ததும் அவளேதான். பைக்குள் ஒரு பெப்பர்மின்ட் காகிதம், நாலாக மடித்தபடி இருந்தது. ரத்தமான துணியையெல்லாம் எரித்துவிட்டோம் என்று அன்றைக்கு அவளிடம் சொல்லியிருந்தார்கள். ரத்தம் படும் முன்பே கழற்றிய துணிக்கு என்ன கேடு? அது அவள் தலைக்கு மேலே மூன்று வருஷமாக உட்கார்ந்திருந்தது.

அட்டையைத் திருப்பினாள். 'கட்டில் 7. காலை 8.20.'

மாடிக்கு ஏறிப் போய்ப் பிரசவ வார்டு ஆயாக்களை வரிசையாக நிறுத்தினாள். "எட்டு இருபதுக்கு வந்தாளா இல்லையா?" ஒருத்தி அழுதுவிட்டாள். வந்தாள் என்றாள். காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு எதிர்த்தெருவில் இருக்கும் சொந்த கிளினிக்குக்குப் போகும் பெரிய டாக்டர் மூன்று மணிக்குத்தான் திரும்புவார். அன்றும் அப்படித்தான். நர்ஸ் ஏழு தடவை போன் போட்டாள். இதோ வருகிறேன் என்றவர் மூன்று மணிவரை வரவேயில்லை.

"மூணு வருஷமா என்கூட உக்காந்து டீ குடிச்சீங்களேடி! உங்க வாயை நானா தெச்சு வெச்சேன்?"

"வேலை போயிடும்னு பயந்துட்டோம்க்கா."

கீழே வந்தவள் பெரிய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அடுத்த அறையில் இஸ்திரி போடுகிறவர் கதவை மறித்து நின்றார். அவளுக்கு அண்ணன் மாதிரி, அவளைத் திட்டத் துணிந்த ஒரே ஆள்.

"குத்திட்டு? அவன் நல்லவனா செத்துப்போவான், நீ ஜெயிலுக்குப் போவே. குட்டி?"

"பின்ன என்னண்ணே செய்யச் சொல்றீங்க? மனு எழுதவா? எந்த அட்டைன்னு கேப்பான், தொலைஞ்சுபோச்சும்பான்!"

"ஒரு அட்டைன்னா அப்படித்தான் சொல்வான். மிச்ச மூட்டையைப் பாத்தியா நீ?"

பார்த்தாள். குணமாகிப் போகிறவள் துணியை வாங்காமல் போகமாட்டாள். அப்படியானால் கேட்பாரற்ற மூட்டை யாருடையது? தங்கை செத்த வருஷத்து அலமாரியில் மொத்தம் பதினோரு மூட்டை. பதினோரு அட்டையிலும் காலை நேரம். அதற்கு முந்தைய வருஷங்களின் மூட்டைகளை அவளே கத்தரித்து ஒட்டுப் போட்டிருந்தாள். மாடியில் எந்தெந்தக் கட்டிலில் அந்த ஒட்டுகள் கிடக்கின்றனவோ!

கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தாள். குத்திக் கொல்வது அந்த ஆளுக்குச் சின்ன தண்டனை என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது.

அடுத்த ஐந்து மாதம் வேலை முடிந்ததும் ஊசி வீடு வீடாக அலைந்தாள். அழுத ஆயா பழைய வார்டு நோட்டைப் பார்த்து விலாசம் எடுத்துக் கொடுத்தாள். அது அவள் செய்த பரிகாரம். ஒவ்வொரு வீட்டிலும் அதே காகிதம், அதே 'தாமதமாக'. ஒவ்வொரு வீட்டிலும் பழியைச் சுமக்க ஓர் ஆளும் இருந்தார். ஒரு வீட்டில் மாமியார். வலி எடுத்ததும் கிளம்பவில்லை என்று மகன் அந்த அம்மாளிடம் பேசுவதே இல்லை. இன்னொரு வீட்டில், சுற்றுவழியில் போனான் என்று அடிவாங்கிய டாக்சி டிரைவர். பெண்ணுக்குச் சித்தப்பா முறை, அதன்பிறகு வண்டி ஓட்டுவதையே விட்டுவிட்டார். ஊசி அட்டையைக் காட்டியபோது அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுப் படித்தார். திரும்பப் படித்தார். "இதை நான் வெச்சுக்கலாமாம்மா?" என்றார்.

இரண்டு வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். எட்டு வீடு சேர்ந்தது. செவ்வாய்க்கிழமைகளில் துணி அறையில் கூடினார்கள். பிரசவ வார்டுக்கு என்னென்ன மாற்றம் கேட்க வேண்டும் என்று பேசி எழுதினார்கள். அடுத்தவள் வீட்டில் இது நடக்கக்கூடாது என்று மாமியார் அம்மாள் சொன்னாள். ஊசிக்கு அவ்வளவு நல்ல மனசெல்லாம் கிடையாது. "நடக்கக்கூடாதுதான். அதோட, அந்த ஆள் தலைகுனிஞ்சு நிக்கிறதை நான் கண்ணால பாக்கணும்" என்றாள்.

பதினோராவது வீட்டுக்கு மட்டும் அவள் போகவில்லை. லேட்டு ஞாயிறுதோறும் வந்து நின்றுகொண்டுதான் இருந்தான். அவள் சன்னலைச் சாத்திக்கொண்டுதான் இருந்தாள். முன்பு ஆத்திரத்தில் சாத்தியவள், இப்போது அவன் முகத்தில் விழிக்க வக்கில்லாமல் சாத்தினாள். முதலில் டாக்டரை முடிப்போம், பிறகு இதைப் பார்ப்போம் என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டாள்.

சுகாதார அதிகாரி ஆஸ்பத்திரிக் கூடத்தில் மக்களிடம் குறை கேட்கும் நாள் வந்தது. தெருவே திரண்டு வந்திருந்தது. பெரிய டாக்டர் மேடையில் உட்கார்ந்திருந்தார். ஊசியும் எட்டு வீட்டுக்காரர்களும் வரிசையாகப் போய் ஒன்பது மூட்டைகளை அவர் முன்னால் மேசையில் வைத்தார்கள்.

"என்ன இது, பழந்துணி?" என்றார் டாக்டர்.

"ஆமா டாக்டர், பழந்துணிதான். அவிழ்க்க வேணாம். அட்டையை மட்டும் சத்தமாப் படிங்க. பக்கத்துலயே நீங்க எழுதின காகிதம் இருக்கு, அதையும் படிங்க."

அவர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி, "படிங்களேன்" என்றார். காலை ஒன்பது பத்து. பிற்பகல் மூன்று பதினைந்து. காலை ஏழு ஐம்பது; பிற்பகல் மூன்று நாற்பது. நாலாவது மூட்டையோடு அவர் அட்டையைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒம்போது பேரு, ஒம்போது வேற வேற நாளு. அது எப்படிங்க டாக்டர், எல்லாரும் மூணு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவுலயே வந்தாங்க? நீங்க கிளினிக்லேர்ந்து வர்ற நேரமாப் பாத்து எங்க பொண்ணுங்களுக்கு வலி எடுக்குமா?" என்று கேட்டாள் ஊசி.

கூட்டம் கொதித்தது. டாக்டர் கடைசியாக ஒரு காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். "குடும்பத்தார் ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்காங்க சார். இதோ, ஏழாம் கட்டில். போட்டது இந்தம்மாவேதான்!"

"நான்தான் போட்டேன்" என்றாள் ஊசி. "இவரு பொய் எழுதினாரு, நான் அதை நம்பிக் கையெழுத்துப் போட்டு, ஒரு நிரபராதியைக் கையை நீட்டி அடிச்சேன். ரெண்டு பேரு மேலயும் எழுதிக்குங்க சார். எனக்கு ஆட்சேபணை இல்ல."

விசாரணை நடந்தது. பெரிய டாக்டர் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார். எதிர்த்தெருக் கிளினிக்குக்குப் பூட்டுப் போட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் பணியில் இருக்கும் டாக்டரின் பெயரும் வந்த நேரமும் எழுதிய பலகை வந்தது. உள்ளே நுழையும் ஒவ்வொரு கர்ப்பிணியின் கையிலும் நேரம் போட்ட சீட்டு கொடுக்கிறார்கள். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துப் பெண்கள் இருவர் தினமும் வந்து அதைச் சரிபார்க்கிறார்கள்.

ஒருநாள் காலை, பெரிய டாக்டர் துணி அறை வாசலில் வந்து நின்றார். மேல்முறையீட்டுக்கு அவள் ஒரு வார்த்தை சாதகமாகச் சொன்னால் போதுமாம். ஊசி மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"மூணு மணிக்கு மேல வாங்க டாக்டர். அதுக்கு முன்னாடி இந்த ஆஸ்பத்திரிக்கு யாரும் வந்ததா எழுதறதில்ல."

இஸ்திரிக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு வெளியே போனார். ஊசிக்குச் சிரிப்பு வரவில்லை. மாதக்கணக்காகத் துரத்திய ஆளைக் கீழே தள்ளியாகிவிட்டது. இன்னும் ஓர் ஆள் பாக்கி இருந்தாள்.

தங்கையைச் சேர்த்த நேரத்தைத் திருத்தி எழுதிய காகிதம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று மாலையே குட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அதன் துணிமணிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு, லேட்டுவின் அறைக்குப் போனாள். வண்டிப் பட்டறைக்கு மேலே மாடியில் ஒற்றை அறை. தெருவைப் பார்த்த ஒரு சன்னல். அவன் காகிதத்தை வாங்கிப் படித்தான்.

"எட்டு இருபது" என்றான். "இதைத்தான்க்கா அன்னைக்குச் சொன்னேன். அடிச்சீங்க."

"திருப்பி அடிச்சுடு மாப்பிள்ளை. வாங்கிக்கறேன்."

அவன் அடிக்கவில்லை. "இது உங்களுக்கு மொதல்ல எப்பத் தெரியும்?"

அவளால் அவனைப் பார்க்க முடியவில்லை. "எட்டு மாசமாச்சு."

"தெரிஞ்சுமா சன்னலைச் சாத்துனீங்க?"

அவன் குட்டியை அவள் இடுப்பிலிருந்து வாங்கினான். யாரோ ஒருவர் தூக்கியதும் குட்டி வீரிட்டு அழுதது. பெரியம்மா, பெரியம்மா என்று கையை நீட்டியது. ஊசியின் கை தானாக எழுந்தது. கீழே இறக்கிக்கொண்டாள்.

"அழட்டும்" என்றான் அவன். "பழகிடும்."

"நான் எப்ப வந்து பாக்கட்டும்?"

"ஞாயித்துக்கிழமை. ஒம்போது மணி. மேல வர வேணாம். தெரு முனையில நில்லுங்க."

மற்றவர்களுக்குத் தண்டனை கொடுக்கத் தெரிந்தவளுக்கு வாங்கிக்கொள்ளவும் தெரிந்திருந்தது.

ஞாயிறு எட்டரைக்கே போய் முனையில் நின்றாள். வெயில் நேராக முகத்தில் அடித்தது. அவன் மூன்று வருஷமாக நின்றது இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு நிழலுக்கு ஒதுங்காமலே நின்றாள். பட்டறைக்காரர்கள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

சரியாக ஒன்பது மணிக்கு மாடிச் சன்னல் திறந்தது. லேட்டு குட்டியைத் தூக்கி நிறுத்தி, அதன் கையைப் பிடித்து அவளைச் சுட்டிக் காட்டினான். அவள் தன் வீட்டுச் சன்னலை அவனுக்காக ஒரு ஞாயிறுகூடத் திறந்ததில்லை.